கப்பல் நிற்கும்வரை அண்ணன்

1

எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்: "சிசிலித் தீவில் பார்க்க வேண்டிய இயற்கை எழில்களும் வரலாற்றுச் சின்னங்களும்." கேட்டவள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ரதி. இப்போது மலர்க்குழுவில் பெரிய ஆள்.

"உனக்கென்னடி தவம், இத்தாலியிலை இருக்கிறாய். ஆக்கள் காசைக் கொட்டி வந்து பாக்கிற இடமெல்லாம் உனக்கு வாசலிலை கிடக்குது. ஒரு நாலு பக்கம் எழுதித் தாவன்" என்றாள்.

வாசலில்தான் கிடக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? பலேர்மோவுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. ஆனால் எத்னா எரிமலையை நான் பார்த்தது ஒரே ஒரு தரம், அதுவும் விமானத்தின் யன்னலால், பக்கத்து இருக்கைக்காரரின் தலைக்கு மேலால். செஜெஸ்தாவில் ஒரு கிரேக்கக் கோயில் இருக்கிறதாம். அது நான் வேலை செய்யும் வீட்டுக் குசினியில் கலண்டராகத் தொங்குகிறது. அக்ரிஜெந்தோவின் பழைய கோயில்களுக்கு நேரிலேயே போயிருக்கிறேன். எப்படி? நான் பராமரிக்கும் வயதுபோன சிஞ்ஞோராவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு. கல்லும் பள்ளமுமான பாதையில் நாற்காலி தள்ளுகிறவளுக்குத் தூணா தெரியும்? நிலம்தான் தெரியும். அந்த நிலத்தைப் பற்றி வேண்டுமானால் ரதிக்கு நாலு பக்கம் எழுதலாம்.

இயற்கை எழிலாம்! லிபெர்த்தாத் தெருப் பக்கத்துப் பணக்கார மாடிகளைக் கூட்டித் துடைக்கிற எங்கள் சனத்திடம் போய், இந்தத் தீவில் என்ன எழில் என்று கேட்டுப் பாருங்கள். சலவைக்கல்லில் விழுந்த வைன் கறையை எதைப் போட்டு எடுக்கலாம் என்று சொல்லித் தருவார்கள்.

இருந்தாலும் இந்த வருடம் வைகாசியில் ஒரு பகல் முழுக்கச் சுற்றுலாப் பயணிகளோடு நானும் பலேர்மோவைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, அவர்களுக்குப் பின்னால் ஓடினேன் என்பதுதான் சரி. அதைத்தான் எழுதப் போகிறேன். பிடித்தால் ரதி மலரில் போடட்டும். பிடிக்காவிட்டால் விடட்டும்.

2

என் அண்ணன் ரொறன்ரோவில் இருக்கிறார். எனக்கு இருக்கிற ஒரே சகோதரம். அவரை நான் கடைசியாக நேரில் பார்த்தபோது என் மகள் சிந்து பிறந்திருக்கவில்லை. இப்போது அவள் பள்ளிப்படிப்பை முடிக்கப் போகிறாள்.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். கனடா விசாவுக்கு நான் இரண்டு தரம் போட்டேன். இரண்டு தரமும் இல்லை என்று பதில் வந்தது. நான் திரும்பிப் போவேன் என்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லையாம். இரண்டாம் தரம் கேட்டது அண்ணனின் இருதய ஆபரேசனுக்கு முன். கூடப்பிறந்தவனின் முகத்தைப் பார்க்கப் போகிறவள் அங்கேயே ஒளிந்துகொள்வாள் என்று நினைக்கிறவர்களுக்கு என்ன சொல்வது? இத்தாலியில் இருப்பதற்கே பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்க, விடியமுன் போய்க் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் எத்தனையோ வருடம் குளிரில் நின்றவள் நான். அண்ணனுக்கு அந்த வில்லங்கம் எதுவும் இல்லை. கனடாக் கடவுச்சீட்டு. கியூபாவுக்குப் போனார், மெக்சிக்கோவுக்குப் போனார், பாரிசில் ஒரு கலியாணத்துக்கு வந்து கையோடு திரும்பினார். "லீவு இல்லைத் தங்கச்சி" என்பார். ஆபரேசனுக்குப் பிறகு அந்தப் பயணங்களும் நின்றுவிட்டன.

அப்படியிருக்க, மாசியில் ஒரு நாள் போன் வந்தது.

"தங்கச்சி, நாங்கள் பலேர்மோவுக்கு வாறம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்த அறையை ஒழித்துக் கொடுப்பது, எந்தக் கட்டிலுக்கு மெத்தை வாங்குவது என்று அந்தக் கணமே மனம் கணக்குப் போடத் தொடங்கியது. "எத்தினை நாளண்ணை நிப்பியள்?" என்று கேட்டேன்.

"கப்பலிலை வாறம். உல்லாசக் கப்பல். காலமை வந்து பின்னேரம் வெளிக்கிட்டிடும்."

உல்லாசம்! பிறகு மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி, அன்றைய நிகழ்ச்சியைப் போனில் அனுப்பினா. அரண்மனைத் தேவாலயம், பேராலயம், நீரூற்று. அதற்குக் கீழே, "மதியம் வுச்சீரியாச் சந்தை, சாப்பாடு, தவம்." என்னைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தா. பலேர்மோவில் பார்க்க வேண்டிய இடங்களில் நான் நாலாவது, அதுவும் ஒரு சந்தையோடு சேர்த்து.

சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டேன். அண்ணன் பெரிய கப்பலில் வருகிறார் என்றதும் அவ கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "அப்படியா, குசினியிலா வேலை?" என்று கேட்டா. கெட்ட மனுசி இல்லை. என் அண்ணன் ஒருவன் கப்பலில் வருவதென்றால் பாத்திரம் கழுவத்தான் வருவான் என்பது அவவின் உலகம். "இல்லை சிஞ்ஞோரா, கட்டிலில் படுத்துக்கொண்டு வருகிறார்" என்றேன். அந்த லீவுக்குப் பதிலாக ஒரு ஞாயிறு வேலை செய்யச் சொன்னா.

3

துறைமுகத்தில் நாங்கள் உள்ளே போக முடியாது. கம்பி வேலிக்கு வெளியே நானும் சிந்துவும் விடிந்ததிலிருந்து நின்றோம். கப்பல் ஒரு தெருவை அப்படியே தூக்கிக் கடலில் வைத்ததுபோல் நின்றது. அதிலிருந்து சனம் கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கையை வீசி இறங்கி வந்தது. விரல் அடையாளம் இல்லை, முத்திரை இல்லை, "நாளைக்கு வா" இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றாலும் பரவாயில்லை, அதைத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் வெளியே வந்தார். கட்டிப்பிடித்தபோது முதுகெலும்பு என் கையில் தட்டுப்பட்டது.

"என்னண்ணை, இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

"இப்ப எல்லாரும் டயட்தானே" என்று அவருக்கு முன்னமே மச்சாள் பதில் சொன்னா. "நீரும் கொஞ்சம் குறைக்கலாம் தவம்."

நான் வாயைத் திறக்கமுன், நீலக்கொடி பிடித்த ஒரு வழிகாட்டிப் பெண் கையைத் தட்டினாள். எல்லோரும் பஸ்ஸில் ஏற வேண்டுமாம். அது கப்பல்காரருக்கான பஸ். எனக்கும் சிந்துவுக்கும் அதில் இடமில்லை. இருபது வருடமாக இந்த ஊருக்கு உழைத்த நான் வெளியே, இருபது நிமிடத்துக்கு முன் வந்திறங்கியவர்கள் உள்ளே. "அரமனையிலை சந்திப்பம்" என்று அண்ணன் யன்னலால் கையை ஆட்டினார். நாங்கள் பொதுப் பஸ்ஸுக்கு ஓடினோம்.

4

நோர்மன் அரண்மனைக்குள் இருக்கும் தேவாலயம் உண்மையிலேயே பார்க்க வேண்டியதுதான். அதை நான் மறுக்க மாட்டேன். சுவர் முழுக்கப் பொன் நிறத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளால் ஆன படங்கள். மேலே தேன்வதை மாதிரிக் குடைந்து செய்த மரக்கூரை. நாங்கள் தனியே வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் அண்ணனின் கூட்டம் பாதி பார்த்து முடித்திருந்தது.

அண்ணன் ஒரு தூணோரம் நின்றார். வழிகாட்டி சொல்வதைக் கேட்க ஒரு காதில் ஒரு கருவி. மற்றக் காது எனக்கு. அம்மாவின் செத்தவீட்டுக்கு எங்கள் இரண்டு பேரில் நான் மட்டும்தான் போனேன். அங்கே சனம் சொன்ன அம்மாவின் கடைசிச் சொற்களைப் போனில் சொல்ல முடியாமல் இத்தனை காலம் வைத்திருந்தேன்.

"அண்ணை, அம்மா கடைசியா உங்களைத்தான் கேட்டவா. கதவடியிலை சத்தம் கேட்டால், தம்பியோ எண்டு..."

"பொறு, அவ என்னவோ சொல்லுறா" என்று அண்ணன் கருவியை அழுத்திப் பிடித்தார். பிறகு மேலே பார்த்துக்கொண்டே, "இந்தக் கூரை அரபு ஆக்கள் செய்ததாம்" என்றார்.

அந்தக் கருவியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவின் கடைசிச் சொல்லுக்கு ஒரு காது, கூரைக்கு ஒரு காது! கூரை இன்னும் ஆயிரம் வருடம் இருக்கும். நான் பின்னேரம்வரைதான்.

எங்களுக்குப் பக்கத்தில் சிந்துவும் அண்ணனின் மகன் ஆரூரனும் நின்றார்கள். ஆரூரனுக்கு ஆங்கிலம். சிந்துவுக்குப் பலேர்மோத் தெருக்களின் வாடை வீசும் இத்தாலியம். இரண்டு பேருக்கும் தமிழ், "சாப்பிட்டியா"வுக்குப் பிறகு தடுமாறும். ஆகவே போனில் இவள் இத்தாலியத்தில் சொல்ல, அது ஆங்கிலத்தில் சொல்லியது. எங்கள் அம்மாவின் பேரப்பிள்ளைகள், நடுவில் ஒரு போன் மொழிபெயர்க்கிறது. இதற்காகவா கடல் கடந்தோம் என்று எனக்கு அதிலும் கோபம். ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் இரண்டு பேரையும்விட அவர்கள்தான் அன்று கூடக் கதைத்தார்கள்.

பேராலயத்தில் அண்ணன் நேரே போய் ஒரு வாங்கில் இருந்துவிட்டார். அங்கே தரையில் ஒரு பித்தளைக் கோடு ஓடுகிறது. கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்து நடுப்பகலைக் காட்டுமாம். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அண்ணன் எழும்பவில்லை. கனடாவில் கார், கப்பலில் லிஃப்ட், மனுசன் நடக்கவே மறந்துபோனான் என்று நான் முணுமுணுத்தேன்.

நீரூற்றில்தான் உச்சம். உடுப்பில்லாத சலவைக்கல் சிலைகள் வட்டமாக நிற்கிற அந்த இடத்தை ஊர்ச்சனம் வெட்கச் சதுக்கம் என்று சொல்லும். மச்சாள் தன் போனை என் கையில் தந்து, "ஒரு படம் எடும் தவம், குடும்பமா" என்றா. அவர்கள் மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். நான் எடுத்தேன். சிந்து போனைப் பறித்து, "மம்மா, நீங்களும் போய் நில்லுங்கோ" என்று என்னைத் தள்ளியிருக்காவிட்டால், நான் அந்தக் குடும்பத்தில் இருந்ததற்கே அத்தாட்சி இருந்திராது.

5

வுச்சீரியாவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு உச்சந்தலை கொதித்துக்கொண்டிருந்தது. முதல்நாளே நண்டுக்குழம்பு, சுறாவறை, கத்தரிக்காய்ப் பொரிச்சகுழம்பு எல்லாம் சமைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். என் வீட்டு மேசையில் போட வேண்டிய சாப்பாட்டைச் சந்தைக்குள், ஆக்டோபஸ் வாட்டுகிற புகைக்கு நடுவில், பிளாஸ்டிக் மேசையில் பரப்பினேன். கடைக்காரன், வெளிச்சாப்பாடு கூடாது என்று முறைத்தான். "என் அண்ணனை இத்தனை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன், வேணுமென்றால் பொலிசைக் கூப்பிடு" என்று இத்தாலியத்தில் போட்ட சத்தத்தில் அவன் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அண்ணன் இரண்டு கவளம் சாப்பிட்டார்.

"உப்புக் கூடவோ தவம்?" என்று மச்சாள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தா.

அவ்வளவுதான் நான் பொறுத்தது. ஆனால் சொல்ல வேண்டியதை முதலில் சொல்ல வேண்டும். கைப்பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். பலேர்மோ நகரத்துக்கு மேலே பெல்லெக்ரினோ என்று ஒரு மலை இருக்கிறது. அதன் குகையில் ரொசாலியா என்கிற புனிதை தவம் இருந்தவராம். முன்னொரு காலத்தில் கொள்ளைநோயிலிருந்து இந்த ஊரைக் காத்தவர். எங்கள் சனம், வேதக்காரக் கிறிஸ்தவர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல், ஞாயிறுகளில் செருப்பைக் கழற்றிவிட்டு மலையேறும். நான் சைவக்காரி. ஆனாலும் அண்ணனின் ஆபரேசன் நாளில், ஊர் வழக்கப்படி ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, "என் அண்ணனைத் தப்பவை அம்மா, அவர் தன் கையாலேயே கொண்டுவந்து இதை உன் காலடியில் போடுவார்" என்று ரொசாலியா அம்மாவுக்கு நேர்ந்துகொண்டேன். அண்ணனிடமும் சொல்லியிருந்தேன். "ஓம், ஓம், வாறன்" என்றிருந்தார்.

"அண்ணை, கப்பலுக்கு இன்னும் நேரமிருக்கு. டாக்ஸி பிடிச்சால் கோயிலடிக்கே போகலாம். போட்டிட்டு உடனை திரும்பலாம்."

அண்ணன் முடிச்சைப் பார்த்தார். தொடவில்லை.

"இறங்கின இடத்திலை இருந்து படி இருக்கோ?"

"இருக்கு. கொஞ்சம்தான்."

"நீயே போடன் தங்கச்சி. அந்த அம்மாவுக்குத் தெரியும்தானே."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ. "அரமனைக்குப் போக ஏலும், அம்மணச் சிலை பாக்க ஏலும், உங்களைத் தப்பவைச்ச தெய்வத்திட்டைப் போக ஏலாதோ? நானென்ன, உங்கடை நிகழ்ச்சியிலை சோத்துக் கடையோ? ஆருக்காக உந்தக் கப்பல்? ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

நீலக்கொடிக் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "மம்மா, பாஸ்தா!" என்று சிந்து என் கையைப் பிடித்தாள். போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை.

அண்ணன் மெல்ல, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "உன்னைப் பாக்கத்தான் வந்தனான். எனக்கு ஏறேலாது பிள்ளை. நெஞ்சுக் குழாய் திருப்பியும் அடைச்சுக் கிடக்குது. இன்னொருக்கா வெட்டேலாதாம், தாங்காதாம். வந்து தங்கி நிண்டு போற பயணம் ஒண்டும் வேண்டாமெண்டு டாக்குத்தர்மார் சொன்னவை. கப்பலெண்டால் உள்ளுக்கை டாக்குத்தர் இருக்கு, நடக்கவும் தேவையில்லை. பலேர்மோவிலை நிக்கிற கப்பலா இவதான் தேடிப் பிடிச்சவ."

நான் மச்சாளைப் பார்த்தேன். அவ கத்தரிக்காயின் எண்ணெயைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தா, தலை நிமிரவில்லை.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ இந்த ஒரு பகலும் அழுதுகொண்டுதானே இருப்பாய்" என்றார் அண்ணன். "நீ உப்பிடிச் சண்டை பிடிக்கிறதைப் பாக்கத்தான் எனக்கு ஆசை."

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காரணம்தான் மாறியது. என் சகோதரத்தின் நெஞ்சில் என்ன கிடக்கிறது என்று கப்பல் டாக்குத்தருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! இது என்ன நியாயம்? அதைக் கேட்கவும் நேரம் இருக்கவில்லை. வழிகாட்டிப் பெண் கையைத் தட்டிவிட்டாள். அண்ணன் எழும்பி, மஞ்சள் முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பஸ் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு இடத்தில் நின்றார். ஏறமுன், "அம்மா வேறை என்ன சொன்னவா?" என்று கேட்டார். காதில் கருவி இல்லை. சொன்னேன். எவ்வளவு சொல்ல முடிந்ததோ அவ்வளவு.

6

அன்று பின்னேரமே மலைக்குப் போனேன். சிந்துவும் வந்தாள். வழமையாக மலையென்றால் அவளுக்குப் படிப்பிருக்கும், தலையிடி இருக்கும். அன்று தானாகவே சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பழைய கல்பாதை வெயிலில் சுட்டது. பைன் மரங்களுக்கு நடுவே திருப்பத்துக்குத் திருப்பம் நகரமும் கடலும் தெரிந்தன. இங்கே நின்றுதான் சுற்றுலாக்காரர் படமெடுப்பார்கள், சில நேரம் வெறுங்காலோடு ஏறுகிற எங்களையும் சேர்த்து. கப்பல் துறைமுகத்தை விட்டு விலகுவது தெரிந்தது. போன் எடுத்தேன்.

"மலை தெரியுது தங்கச்சி" என்றார் அண்ணன். "நல்ல வடிவான மலை. நீ எவடத்திலை நிக்கிறாய்?"

"பாதி வழியிலை."

"மெல்ல ஏறு" என்றார்.

குகைக்குள் எப்போதும்போல் குளிர். பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போயின. பொன்னாடைக்குள் ரொசாலியா அம்மா சிலையாகக் கண்ணாடிக்கு அப்பால் சாய்ந்து படுத்திருந்தா. வருகிறவர்கள் காணிக்கை போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை.

"போடுங்கோ மம்மா" என்றாள் சிந்து மெதுவாக. "மாமா தொட்டுத் தந்தவர்தானே. காணும்."

காணும்தான். வழக்கப்படி யாரும் குறை சொல்ல முடியாது. கையை நீட்டினேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். சிந்து பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஒரு கூட்டம் காத்திருக்க, கண்ணாடிக்குக் கிட்டப் போய் வாய்விட்டே சொன்னேன்.

"இந்தா பாருங்கோ அம்மா. நான் நேர்ந்தது அவர் கையாலை போடுறதெண்டு. என்ரை கையாலை இல்லை. இதைப் போட்டால் உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு முடிஞ்சு போடும், நீங்கள் உங்கடை பாட்டிலை படுத்திருப்பியள். நான் விடமாட்டன். அவர் வந்து போடுமட்டும் அவரை உசிரோடை வைச்சிருக்கிறது உங்கடை பொறுப்பு. படியேற ஏலாதெண்டால் அதுக்கும் நீங்கள்தான் வழி பாக்கவேணும்."

பின்னால் நின்ற பெண் எதையோ கேட்டாள். நான் தமிழிலேயே "முடிஞ்சுது, வாங்கோ" என்று வழிவிட்டு, முடிச்சைத் திரும்பவும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.